இஸ்திரி அக்காவின் புறங்கை

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது புறங்கையைத் தார்ச்சாலையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு எண்ணுகிறார் இஸ்திரி அக்கா. வலது கையில் மூன்று கயிறுகள். மறுமுனையில் மூன்று நாய்கள், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. மாலை மணி ஆறேகால். வெயில் இறங்கிவிட்டது, லேசாகக் காற்றுகூட வருகிறது. நமக்கென்றால் கிளம்பிவிடத் தோன்றும். “அஞ்சு... ஆறு...” ஆறில் கையை வெடுக்கென்று எடுத்து உதறினார்.

“இன்னும் தணியல. அரை மணி நேரம் கழிச்சு வாங்க.”

இது அவர் பிடித்திருக்கும் மூன்று நாய்களுக்கு மட்டுமான உத்தரவு அல்ல. கேட்டுக்குப் பின்னால் அவரவர் நாயோடு நிற்கும் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஏழு எண்ணி முடிக்கும்வரை புறங்கை சாலையில் தங்கினால் நாய் போகலாம்; தங்காவிட்டால் போகக்கூடாது. எங்கள் குடியிருப்பில் கோடை முழுக்க இதுதான் சட்டம். நாலாம் மாடி ஆடிட்டர் தன் அலுவலகத்தில் முப்பது பேரை நடுங்க வைப்பவர் என்று கேள்வி. அவரும் “சரிக்கா” என்று தன் கறுப்பு நாயைத் திருப்பிக்கொண்டு போகிறார். லிப்ட் ஓடாமல் நாலு மாடி ஏற வேண்டிய நாளில்கூட வாயைத் திறக்கமாட்டார்.

சட்டம் போடுகிற அளவுக்கு இவர் என்ன பெரிய ஆளா என்றால், கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்திலிருக்கும் சலவைக்கடையில் துணி தேய்ப்பவர். நாய்களை நடத்துவது கடை திறப்பதற்கு முன்னும், மூடிய பின்னும். கடை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரண்டு மேசை, இரண்டு இஸ்திரிப் பெட்டி, இரண்டு மின்விசிறி, சுவர் முழுக்கத் தொங்கும் சட்டைகள். உள்ளே நுழைந்தாலே ஈரத் துணி சூடாகும் அந்த வாசனை முகத்தில் அடிக்கும். ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம், இறுக்கிப் போட்ட கொண்டை. அந்தக் கொண்டையில் எந்நேரமும் இரண்டு துணிக் கிளிப்புகள் இருக்கும். பாதி நேரம் அவை அங்கே இருப்பதை மறந்துவிட்டு மேசைக்கடியில் தேடிக்கொண்டிருப்பார்.

கையில் எது கிடைத்தாலும் மடிப்பார். பேசிக்கொண்டே நம் வீட்டுச் செய்தித்தாளை மடிப்பார், காலிப் பையை மடிப்பார், பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து நகம் அளவுக்குக் கொண்டுவருவார். ஒருமுறை என் வீட்டுக்கு வந்தவர், நான் சோபாவில் கலைத்துப் போட்டிருந்த போர்வையைப் பேச்சு முடிவதற்குள் மடித்து என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். குத்திக்காட்ட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. அவர் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத்தான் கொஞ்சம் சுருக்கென்றது.

துணியை வைத்து ஆளைச் சொல்வார். “காலர்ல ஒரு பக்கம் மட்டும் நைஞ்சிருந்தா, அந்தாளு போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டே திரியறாருன்னு அர்த்தம்.” நாய்களையும் துணிக் கணக்கில்தான் பிரித்து வைத்திருக்கிறார். ஆடிட்டரின் கறுப்பு நாய் கம்பளி. “வெயிலை உள்ள வாங்கி வச்சுக்கும், வெளிய விடாது.” மூன்றாம் மாடி அம்மாவின் செம்பட்டை நாய் பருத்தி. “எதையும் தாங்கும். தாங்குதேன்னு நாம ஏறி மிதிச்சிரக் கூடாது.” என் வீட்டு நாயை முதல்முறை பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, பட்டுல்ல இது! பெட்டியைக் காட்டினாலே சுருங்கிடும். மூக்கையே காணோமே, எது வழியா மூச்சு விடும்?”

என் நாய் சப்பை மூக்கு வகை. பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாமல் மற்றவர்கள் வேலை செய்வதை முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதால் என் கணவர் வைத்த பெயர். அவர் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் எட்டு மாதம் கடலில். போன் வந்தால் முதலில் மேனேஜரை விசாரிப்பார், அடுத்து சமையலறைக் குழாய் ஒழுகுவதை, மூன்றாவதாகத்தான் என்னை. கிளம்பும்போதும், “மேனேஜரைப் பாத்துக்கோ” என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். “உன்னைப் பாத்துக்கோ” என்று ஒரு வார்த்தை வராது. பழகிவிட்டது.

அக்காவின் கைக்கு வருவோம். அவர் உள்ளங்கைகள் இரண்டும் வழவழவென்று, ரேகை பாதி அழிந்து, தோல் பதப்பட்டு இருக்கும். முப்பது வருடம் சூட்டுத் துணியை நீவி, இழுத்து, மடித்துப் பழுத்த கை. பெட்டியிலிருந்து இறங்கிய சட்டையை நாம் தொட்டால் கையை உதறுவோம். அவர் சாவகாசமாகப் பட்டன் போட்டுக்கொண்டிருப்பார். “இந்தக் கையை நம்பாதீங்கம்மா. இது பொய் சொல்லும்” என்று ஒருநாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “ஒரு தடவை சொல்லிருச்சு.”

ஆறு வருடத்துக்கு முந்திய கதை அது. மூன்றாம் மாடி அம்மா காலை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தபோது, செம்பட்டையை ஒரு நடை கூட்டிப் போய்வரச் சொல்லி இவரிடம் கயிற்றைக் கொடுத்திருக்கிறார். கோடைக்காலம், மாலை நாலரை மணி. அக்காவும் பொறுப்பாகத்தான் இருந்திருக்கிறார். குனிந்து உள்ளங்கையைச் சாலையில் வைத்துப் பார்த்திருக்கிறார். சூடே தெரியவில்லை. கிளம்பிவிட்டார்.

“அது காலைத் தூக்கித் தூக்கி வச்சுதும்மா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வீட்டுக்கார அம்மா இல்லைன்னதும் அடம் பண்ணுதுன்னு நினைச்சேன். ‘வாடா, நடிக்காதடா’ன்னு இழுத்துக்கிட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா நாலு பாதமும் கொப்புளம்.” இதைச் சொல்லும்போது கையிலிருந்த கைக்குட்டையை அவர் எட்டாக மடித்துவிட்டிருந்தார். “கையைப் பாத்தேன், நாயைப் பாக்கல. அதான் நான் பண்ண தப்பு.”

பதினைந்து நாள் கட்டுப் போட்டிருந்தது செம்பட்டை. அப்போது லிப்ட் வைக்கவில்லை; அந்தப் பதினைந்து நாளும் காலையும் மாலையும் மூன்று மாடி ஏறிப்போய், அந்த நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கி, புல்தரையில் விட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். நடுத்தர நாய்தான், ஆனால் மூன்று மாடிக்கு எந்த நாயும் கனம்தான். மூன்றாம் மாடி அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லையாம். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. “நல்லா நாலு வார்த்தை திட்டியிருந்தா அன்னிக்கே தூங்கியிருப்பேன்.” பதினாறாம் நாள், கட்டுப் பிரித்த நாயைக் கதவருகே விட்டுவிட்டு நழுவப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டே வாசல்வரை வந்து, கயிற்றைக் கொண்டுவந்து இவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

“அவ்ளோதான்மா. மறுபடியும் கொடுத்தாங்க பாருங்க. இன்னிக்கும் காலையில எந்திரிச்சதும் அவங்க முகத்தைத்தான் நினைச்சுக்குவேன்” என்றார்.

அன்று முதல் உள்ளங்கைக்கு ஓய்வு, புறங்கைக்கு வேலை. கூடவே மற்ற சட்டங்களும் வந்தன. தண்ணீர் பாட்டிலும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் இல்லாமல் கேட்டைத் தாண்டமாட்டார். சாலையின் நிழல் விழும் பக்கத்திலேயே போவார். புல் இருந்தால் புல்லில். “இருக்கிற தெம்புல பாதி தீர்றதுக்குள்ள திரும்பிடணும். வர்றதுக்கும் தெம்பு வேணும்ல?” என்பார். நடக்கும்போது வழியைவிட நாயின் வாயைத்தான் அதிகம் பார்ப்பார். நாக்கு நீளமாகத் தொங்கினால் சரி. நுனி அகலமாகி, கரண்டிபோல விரிந்துவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். நிழல், தண்ணீர், வீடு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேச்சுக் கொடுத்தாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இதையெல்லாம் எனக்கு ஒருமுறை அல்ல, பத்துமுறை சொல்லியிருக்கிறார். நானும் தலையைத் தலையை ஆட்டியிருக்கிறேன். புத்தகங்களில் பிழை திருத்துவது என் பிழைப்பு. ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்துச் சுழித்து, எனக்குத் தப்பே வராது என்ற நினைப்பு எப்படியோ வந்துவிட்டிருந்தது.

முன்பெல்லாம் மேனேஜரையும் அக்காதான் நடத்திக்கொண்டிருந்தார். போன கோடையில் என் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், “நாயை அடுத்தவங்ககிட்ட விட்டுட்டு நீங்க உட்கார்ந்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டார். ரோஷம் வந்து, இனி நானே நடத்துகிறேன் என்று கயிற்றை வாங்கிக்கொண்டேன். நான்கு நாள் ஒழுங்காக ஐந்தே முக்காலுக்குப் போனேன். ஐந்தாம் நாள் கண் விழித்தபோது மணி ஒன்பதரை. வானம் மூடியிருந்தது. சூரியனைக் காணோம். அட, நல்லதாய்ப் போயிற்று என்று கிளம்பினேன். கேட்டருகே குனிந்து புறங்கையையும் வைத்துப் பார்த்தேன். ஏழு என்ன, பதினைந்து வரை எண்ணினேன். சுடவே இல்லை. அக்கா கடையிலிருந்து பார்த்தால் மெச்சிக்கொள்வார் என்றுகூட நினைத்தேன், வெட்கக்கேடு.

ஆனால் காற்று ஒரு துளி அசையவில்லை. கொதிக்கும் பானைக்கு மூடி போட்டதுபோல ஒரு புழுக்கம். பூங்காவரை போய்விட்டோம். திரும்பும் வழியில் மேனேஜர் உட்கார்ந்தான். “எந்திரிடா, வீட்டுக்குப் போனதும் சாப்பாடு” என்றேன். எழுந்தான். பத்தடி போய் மறுபடி உட்கார்ந்தான். சோம்பேறிப் பயல், எப்போதும் இதே கதை என்று கயிற்றை இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். மூச்சு குறட்டைபோல வந்தது. அவன் சும்மா இருக்கும்போதே குறட்டைதானே என்று விட்டுவிட்டேன். கேட்டுக்கு இருபதடி முன்னால் பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நாக்கு கரண்டியாக விரிந்து, கருஞ்சிவப்பாக, தரையில் கிடந்தது.

“அக்கா!” என்று நான் கத்தியது நாலாம் மாடிவரை கேட்டதாம். அக்கா ஓடிவந்தார். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மேனேஜரை வாரித் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடினார். இரண்டு பெட்டிகளையும் அணைத்தார், இரண்டு விசிறிகளையும் தரைப்பக்கம் திருப்பினார். வெறும் தரையில் அவனைக் கிடத்தி, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று பீய்ச்ச ஆரம்பித்தார். அது போதாதென்று வாளித் தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றினார். தேய்த்து அடுக்கியிருந்த யாரோ ஒருவரின் தலையணை உறையை உருவி நனைத்து, ஒற்றி எடுத்து, சூடாகியதும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை உருவினார்.

நான் எதிர்க்கடைக்கு ஓடி ஒரு பை நிறைய ஐஸ் வாங்கிவந்தேன்.

“ஐஸ் வேண்டாம்! கொதிக்கிற பெட்டியை யாராவது ஐஸ்ல முக்குவாங்களா? சாதாத் தண்ணி போதும். வாயிலயும் ஊத்தாதீங்க, மூச்சுல போயிடும். ஆட்டோ கூப்பிடுங்க. ஓடுங்க!”

ஆட்டோவில் அவர் மடியில் மேனேஜர். வழி முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வந்தார். ஓட்டுநர் சீட் நனைகிறது என்று முனகியதற்கு, “காய்ஞ்சுரும்பா. நீ மிதி” என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. போகிற வழியில் இரண்டு முறை அவன் கண்கள் செருகின. இரண்டு முறையும் அக்கா அவன் காதருகே குனிந்து, “மேனேஜர் சார், ஆபீஸ் இன்னும் முடியல” என்றார். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

நாய் டாக்டர் சோதித்துவிட்டு, ஊசிகள் போட்டு, டிரிப் ஏற்றினார். அப்புறம்தான் நிமிர்ந்து, “தண்ணி ஊத்திக்கிட்டே வந்தது யாரு?” என்றார். அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “தப்பாப் பண்ணிட்டேனா டாக்டர்?” என்று அவர் கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“நீங்க அதைப் பண்ணலைன்னா இங்க கொண்டுவந்தே பிரயோஜனம் இருந்திருக்காதும்மா.”

அக்கா வெளிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்து கழன்று விழுந்த ஏதோ தடுப்பூசி நோட்டீஸை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் மேனேஜர் தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் முகம் சுளித்துப் பார்க்கும்வரை அங்கேயே இருந்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. அன்று கடையை மறுபடி திறக்கவில்லை. வேலைக்குப் போக வேண்டிய எத்தனையோ பேரின் சட்டைகள் கசங்கியபடியே கிடந்தன. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் நன்றியோடு இங்கே எழுதிவிடுகிறேன். தலையணை உறைக்காரர் மட்டும் மூன்று உறை குறைகிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் நாலாவதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், நாய்க்கு இருக்கட்டும் என்று.

கணவரிடம் என்ன சொல்வது என்பதுதான் அடுத்த பயம். சொல்லாமல் விட்டால் என்ன என்று அக்காவிடமே யோசனை கேட்டேன். “சொல்லிருங்கம்மா. மறைச்சா அது உள்ளயே கொதிச்சுக்கிட்டுக் கெடக்கும்” என்றார். சொன்னேன். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். “நீ எப்படி இருக்கே?” என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் கேள்வியாக இது வந்தது அன்றைக்குத்தான். பிறகு, “அந்த அக்காகிட்ட போனைக் குடு” என்றார். கீழே இறங்கிப் போய்க் கொடுத்தேன். அவர் என்ன பேசினாரோ தெரியாது. அக்கா “சரி தம்பி... சரி தம்பி... அட, விடுங்க தம்பி” என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. மேசையிலிருந்த ஒரு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகுதான் அது வாடிக்கையாளருடையது என்று உறைத்திருக்க வேண்டும். பெட்டியைச் சூடாக்கி அதை மறுபடி தேய்த்தார்.

நானும் நன்றி சொல்லப் போனேன். முந்தின நாளே என்னென்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். “அக்கா, நீங்க மட்டும் இல்லைன்னா...” என்று ஆரம்பித்ததுமே, “போங்கம்மா, அங்க சட்டை காயுது” என்று முதுகைக் காட்டிவிட்டார். சொல்லாமல் விட்ட அந்த நன்றியைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் இன்றைக்கு ஒரு குறட்டைச் சத்தம் கேட்கிறதென்றால் அது அவர் கொடுத்தது.

ஒரு வாரம் மேனேஜரை வெளியே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டாம் நாள் காலை ஐந்தரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். அக்கா செம்பட்டையையும் மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். மேனேஜரின் கயிற்றை அவரிடம் நீட்டினேன்.

“இனிமே நீங்களே கூட்டிட்டுப் போங்கக்கா. எனக்கு வேண்டாம். நான் ரோட்டைப் பாத்தேன்க்கா, அவனைப் பாக்கல.”

அக்கா கயிற்றை வாங்கிக்கொண்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணினார். பிறகு மேனேஜரின் தாடையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, நாக்கைப் பார்த்தார். மூக்கில்லாத அந்த முகத்துக்கு முன் கையை நீட்டி, காற்று அசைகிறதா என்று பார்த்தார். செம்பட்டை பொறுமையாக அவர் காலில் சாய்ந்துகொண்டு நின்றது.

அப்புறம் தன் மூன்று கயிறுகளையும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்து, மேனேஜரின் கயிற்றை என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைக் கையை மடிப்பதுபோல என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடி, மேலே தன் வழவழத்த உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி நீவிவிட்டார்.